பச்சைக் கட்டம் போட்ட பை

பை திரும்பி வராவிட்டால் சந்தோஷப்பட வேண்டும். எங்கள் மாதா கோயில் பங்கின் உதவிக் குழுவில் இதுதான் சட்டம். இந்தச் சட்டத்தைப் போட்ட புத்திசாலி வேறு யாருமில்லை, நான்தான்.

குழு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பங்குச் சாமியார், ரொட்டிக்கடைக்காரர், தையல்காரி நான், மூன்றே பேர். முன்பெல்லாம் தேவைப்படுகிறவர்கள் எங்களிடம் வந்து கேட்க வேண்டும். கேட்டு முடிப்பதற்குள் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. "யாரும் வாயைத் திறந்து கேட்க வேண்டாம், சாமி" என்றேன். வீட்டுக்கொரு பை தைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் வெறும் பையை மடித்துக் கோயில் பின்கதவுப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டியது. மதியம் வந்தால் மாவு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, ரொட்டி எல்லாம் நிரம்பி அதே இடத்தில் இருக்கும். யாரும் நிற்க மாட்டோம், எதுவும் விசாரிக்க மாட்டோம். நிலைமை தேவலை என்றால் பையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். வந்து நன்றி சொல்கிற தொல்லைகூடக் கிடையாது.

பைகளைக் கடையில் மிஞ்சிய துணியில் தைத்தேன். ஒன்று பூப்போட்டது, ஒன்று கோடு போட்டது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் தெருவில் எவனாவது 'இது தர்மப் பை' என்று சொல்லிவிடுவானே. அப்படியெல்லாம் யோசித்துச் செய்தவள் நான்.

பச்சைக் கட்டம் போட்ட பை டிரைவருடையது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாய்க்கால் திருப்பத்தில் கடைசி வீடு, பக்கத்தில் வேறு வீடு கிடையாது. பிள்ளைகள் இல்லை. மனைவிக்கு இரண்டு கண்ணும் மங்கல், அவர் கையைப் பிடித்தால்தான் நடை. அந்த இரண்டு பேருக்கும் வாரச் சாப்பாடு அந்தப் பைதான். மற்ற பைகள் வரும், நிற்கும், மறுபடி வரும். பச்சைப் பை மட்டும் இரண்டு வருடம் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. சனிக்கிழமை எட்டு மணிக்கு, பஸ் ஸ்டாண்டு டயம் கீப்பரிடம் கையெழுத்து வாங்கக் காத்திருப்பதுபோல, பெஞ்சில் இருக்கும். நாலாக மடித்து ஓரம் பிசகாமல் வைத்திருப்பார்.

ஒரு சனிக்கிழமை அது வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

"நான் தினம் அந்த வழியாத்தானே போறேன்" என்றார் ரொட்டிக்காரர். "பையைத் துவைச்சு கேட்ல காயப் போட்டிருக்காங்க, டெய்லரம்மா. நல்லாத்தான் இருக்காங்க போல."

"அப்பாடா, ஒரு வீடு கரையேறிடுச்சு" என்றார் சாமியார்.

அவர்களுக்கென்று எடுத்து வைத்திருந்த ரொட்டியை அறுத்து, மூன்று பேரும் டீயில் தொட்டுத் தின்றோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நான் போட்ட சட்டம் வேலை செய்கிறது பார் என்று இருந்தது.

நாலாவது வாரம் இன்னொரு குடும்பத்துக்குப் பை வேண்டியிருந்தது. கடையில் ஒரு முழம் துணிகூட மிஞ்சவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், ஊருக்கே தெரியும். நிலைமை சரியாகிவிட்டால் பையைக் கொடுத்துவிட வேண்டியதுதானே, நல்ல கெட்டித் துணி, வெயிலில் போட்டு வெளுக்க விடுகிறார்களே என்று புலம்பிக்கொண்டே சைக்கிளை எடுத்தேன். பையை வாங்கி வரத்தான் போனேன். இதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

பை கேட்டில் தொங்கியது. அவிழ்க்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றுவிட்டேன். காயப் போடுகிறவர்கள் பையைத் தலைகீழாகத்தான் போடுவார்கள். இது நேராக இருந்தது. இரண்டு காதையும் இரண்டு கம்பியில் தனித்தனியாகக் கட்டி, சாலையைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

சைக்கிள் சத்தம் கேட்டு மனைவி சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"யாரு? ரொட்டிக்காரரா?"

"டெய்லரம்மா."

"ஏங்க, வந்துட்டாங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை.

டிரைவர் கட்டிலில் கிடந்தார். வலது காலில் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தது. வாசற்படியிலேயே வாடை அடித்தது. அடுப்பு மேல் ஒரு பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது, அதில் சமைத்துப் பல நாள் ஆகியிருக்க வேண்டும்.

"ஆணி குத்திடுச்சும்மா. ஊனவே முடியல" என்றார், ஏதோ லீவு லெட்டர் கொடுக்கிற மாதிரி. "இவளைத் தனியா மெயின் ரோட்டுல அனுப்பவும் பயம். அதான் பையை கேட்ல கட்டச் சொன்னேன். ரொட்டி வண்டி போகுமே, பார்ப்பாருன்னு."

"பார்த்தாரு" என்றேன்.

"நாலு வாரம் ஆச்சு. மிச்சமிருந்த மாவைக் கஞ்சியாக் காய்ச்சி ஓட்டுனோம். சரி, போதும்னு முடிவு பண்ணிட்டாங்க போலன்னு இவகிட்ட சொன்னேன். ரெண்டு வருஷம் கொடுத்ததே பெருசு."

"ஒரு சத்தம் கொடுத்திருந்தா வண்டி நிக்காதா? ஏன் கூப்பிடல?" அந்த நிலைமையிலும் அவரிடம் கோபப்பட்டேன். பாவி.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "வாயைத் திறந்து கேட்க வேண்டாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?"

ரொட்டிக்காரரை வரவழைத்து, ரொட்டி வண்டியிலேயே அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் ரொட்டிக்காரர் அழுதுகொண்டே ஓட்டினார். டிரைவர்தான் "வளைவுல மெதுவா, தம்பி" என்று சொல்லிக்கொண்டு வந்தார். காலை எடுத்தார்கள். விஷம் அதற்குள் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. ஐந்தாம் நாள் போய்விட்டார்.

அடக்கம் முடிந்ததும் சாமியார் என் பக்கத்தில் வந்து, "நல்லது நினைச்சுத்தானேம்மா செஞ்சோம்" என்றார்.

"பூசி மெழுகாதீங்க, சாமி" என்றேன். "ஒரு தடவை கதவைத் தட்டியிருந்தா அந்த மனுஷன் உசுரோட இருப்பாரு. கேட்கிறவங்க முகத்தைப் பார்க்க எனக்குத்தான் கஷ்டமா இருந்துச்சு. அதுக்காகத்தான் அந்தச் சட்டம். அவங்களுக்காக இல்ல."

இனி ஒவ்வொரு வீட்டுக்கும் நாங்களே போவது என்று அன்றே முடிவானது. டிரைவர் மனைவி வீட்டுக்கு முதலில் போவதாக இருந்தேன்.

ஆனால் சனிக்கிழமை எட்டு மணிக்குப் பின்கதவைத் திறந்தால், அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு குச்சியால் சாலை ஓரத்தைத் தட்டித் தட்டி வந்திருக்கிறாள். செருப்பெல்லாம் சேறு. மடியில் பச்சைப் பை, நாலாக மடித்து, ஓரம் பிசகாமல்.

"எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?" என்றேன்.

"விடியறப்பவே. அவர் எட்டு மணிக்கு வைப்பாரே."

நான் பையை வாங்கி, கொள்ளுமட்டும் திணித்தேன். ரொட்டிக்காரர் எப்போதும் இரண்டு ரொட்டி வைக்கிற இடத்தில் மூன்று வைத்தார். அவள் பையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பெஞ்சில் வைத்தாள். உள்ளே கையை விட்டு ஒவ்வொன்றாகத் தடவினாள். ரொட்டியில் இரண்டை வெளியே எடுத்தாள். இரண்டு சோப்பில் ஒன்றை எடுத்தாள். இரண்டு பொட்டலம் மாவில் ஒன்றை எடுத்தாள். எடுத்ததையெல்லாம் என் பக்கம் தள்ளினாள்.

"என்னம்மா இது?"

"அவர் பங்கு" என்றாள். "வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

அவள் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ரொட்டிக்காரர் போனார். நான் அந்த இரண்டு ரொட்டியையும் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.