பூஜைக்கு ஆகாத அம்மன்

சாமி இல்லாத கோயில் என்று தெரிந்த பிறகுதான் அவள் வரச் சம்மதித்தாள். அங்கே பூஜை கிடையாது, மணி கிடையாது, டிக்கெட் வாங்கிக் கல்லைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி, லிஃப்ட் மெக்கானிக் தன் மனைவியைச் சுற்றுலாப் பேருந்தில் ஏற்றியிருந்தார்.

மகன் போய் இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவளுக்கும் சாமிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாமியோடு மட்டும் என்றால் போகிறதென்று விட்டுவிடலாம். மகனைப் பற்றியும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அழுது தொலைத்தால் தேவலையே என்று மனிதர் ஏங்கிப்போனார். சாப்பாடு பாதியாகி, தூக்கம் பாதியாகி, இப்போது அவளே பாதியாகிவிட்டாள். இப்படியே போனால் இவளையும் வாரிக் கொடுத்துவிடுவோமோ என்கிற பயம் அவருக்கு.

சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கல்யாணத்தில், மேடைப் பக்கம் போனவளை, "நீ கொஞ்சம் பின்னாடி உட்காரும்மா" என்றாள் அவருடைய சொந்த அக்கா. குரலில் தேன் ஒழுகியது. அவள் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மெக்கானிக் எழுந்து நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

கோயில் பெரியது. பேருந்தில் வந்தவர்கள் தூணுக்குத் தூண் நின்று படம் எடுத்தார்கள். மெக்கானிக் அண்ணாந்து உத்திரக் கற்களைப் பார்த்தார். பத்துப் பேர் ஏறினாலே முனகும் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறவர் அவர். இவ்வளவு கனத்தை எந்தக் கயிற்றை நம்பி ஏற்றினார்களோ என்று வாய்விட்டே சொன்னார். அவள் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கருவறையில் பீடம் மட்டும் இருந்தது. அதன் நடுவே சதுரமாக ஒரு பள்ளம். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க இருந்த சாமி எங்க?"

கையில் ஒலிபெருக்கி வைத்திருந்த வழிகாட்டிப் பெண் திரும்பினாள். "பக்கத்து மண்டபத்துல இருக்கும்மா. மேல இருந்த கல்லு விழுந்து உடைஞ்சுபோச்சு. பின்னமான சிலை பூஜைக்கு ஆகாதுன்னு ஒதுக்கி வெச்சுட்டாங்க."

"ஒதுக்கி வெச்சுட்டாங்களா?"

மெக்கானிக் அவள் கையைப் பிடிக்கப் போனார். சாமியே இல்லை என்று கூட்டிவந்தவர் அவர். அவள் பாட்டுக்குப் பக்கத்து மண்டபத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

அங்கே தலை போனதும் கை போனதுமாகச் சிலைகள் சுவரோரம் நின்றன. நடுவில் அம்மன். முகத்தில் ஒரு கீறல் இல்லை, சாந்தமாகத்தான் இருந்தாள். ஆனால் இடது இடுப்பில் கல் பெயர்ந்து கரடுமுரடாகக் கிடந்தது. அம்மன் தோளில் ஒரு சின்னக் கை மட்டும் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது.

"குழந்தை?"

"எவ்வளவோ தேடினாங்களாம்மா, கிடைக்கலை," என்றாள் பின்னாலேயே வந்த வழிகாட்டி. யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

எந்த இடத்திற்கு வரக் கூடாதோ அந்த இடத்திற்கே கூட்டிவந்துவிட்டோமே என்று மெக்கானிக் தன்னையே சபித்துக்கொண்டார். "வாம்மா, போலாம். இதெல்லாம் பாக்க வேணாம்."

அவள் அசையவில்லை. கும்பிடவும் இல்லை. துக்க வீட்டில் உட்காருவது போலத் தரையில், சிலைக்கு எதிரே உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"உன் பிள்ளைக்கு என்ன வயசு?"

கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பவள் போல் இருந்தாள்.

"என் பையனுக்குப் பதினேழு. தலைக்கு எண்ணெய் வைக்கவே விடமாட்டான். ஓடிருவான். அன்னைக்குக் காலையில மட்டும் அவனாவே வந்து தலையைக் குடுத்தான். நான்தான், வேலையிருக்கு, சாயங்காலம் வெச்சுக்கலாம் போடான்னுட்டேன்..."

அதற்கு மேல் சொல் வரவில்லை, அழுகை வந்தது. இரண்டு வருட அழுகை. மண்டபமே அதிரும்படி அழுதாள். மெக்கானிக் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தார். அவருக்கும் கண்ணீர் கண்ணை மறைத்தது.

வழிகாட்டி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாச்சு சார்? எல்லாரும் ஏறிட்டாங்க, வண்டி கிளம்புது!"

"போகட்டும்மா," என்றார் அவர். "என் சம்சாரம் பையனைப் பத்திப் பேசிட்டிருக்கா."