ஃப்ரிட்ஜுக்குள் கும்பிடு பூச்சி

மாமியாரும் மருமகனும் பேசாமல் இருக்கச் சண்டைதான் வேண்டும் என்று யார் சொன்னது? கூச்சம் போதும். தையல்காரம்மாவுக்கும் அவள் வீட்டு மாப்பிள்ளைக்கும் நடுவில் அந்தக் கூச்சம்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து மகளும் மாப்பிள்ளையும் அவளோடுதான் இருந்தார்கள். ஒரே அடுப்பு, ஒரே குழாய். ஆனாலும் மாப்பிள்ளையைப் பார்த்து அவள் வாயிலிருந்து ஒரு "நீங்க" வந்ததில்லை.

"வந்தாச்சா?" என்பாள், கதவைப் பார்த்து. "சாப்பாடு எடுத்து வெச்சாச்சு" என்பாள், தட்டைப் பார்த்து. மாப்பிள்ளையும் லேசுப்பட்டவர் இல்லை. "தண்ணி கிடைக்குமா?" என்று பானையிடம் கேட்பார். யார் யாரிடம் பேசினார்கள் என்று கோர்ட்டில் நிறுத்திக் கேட்டாலும் நிரூபிக்க முடியாது. மிச்சப் பேச்செல்லாம் மகள் வழியாகத்தான் போய்வரும்.

ஆனால் அவர் மேல் அவளுக்கு உயிர். ஊரில் கெட்டுப்போன ஃப்ரிட்ஜையெல்லாம் சரிசெய்கிற மெக்கானிக் அவர். நாளெல்லாம் உழைத்துவிட்டு வருகிற மனுஷன், யாரும் சொல்லாமலே தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டு வைப்பார். அவள் கண் சுருக்கி நூல் கோப்பதைப் பார்த்துவிட்டு மிஷினுக்கு மேலே ஒரு விளக்கு மாட்டிக் கொடுத்தார். "நல்லா இருக்கு" என்று அவரிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வாய் வரை வரும், அங்கேயே நின்றுவிடும். அன்றைக்கும் விளக்கைத்தான் புகழ்ந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் சின்னத் தோட்டம். அந்த வருஷம் ரோஜா மொட்டெல்லாம் அசுவினிப் பேன் அப்பிக்கொண்டிருந்தது. "பாவிச் செடியே, இதுங்களுக்குத் தீனி போடத்தான் மொட்டு விடறியா?" என்று செடியைத் திட்டிக்கொண்டிருந்தாள். அது மாப்பிள்ளை காதில் விழுந்திருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் ஒரு குச்சியோடு வந்து நின்றார். குச்சியில் சோப்பு நுரை காய்ந்து பழுப்பேறியது மாதிரி ஒரு உருண்டை.

"நர்சரிக்குக் குளிர்பெட்டி பார்க்கப் போனேன். அங்க குடுத்தாங்க" என்றார் மகளிடம். "கும்பிடு பூச்சியோட முட்டைக்கூடு. குஞ்சு வந்தா செடியில இருக்கற பேனையெல்லாம் தின்னுடும், மருந்தே அடிக்க வேண்டாம். கதகதப்பா வெச்சா பொரியும், குளிர்ல வெச்சா அப்படியே தூங்குமாம். அத்தைகிட்ட சொல்லிடு."

அத்தை இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தாள். "கேட்டாச்சுன்னு சொல்லு" என்றாள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அகல வாய்ப் பாட்டிலுக்குள் குச்சியை நிறுத்தினார்கள். குஞ்சுகள் தப்பிப் போகாமலிருக்க, தையல்காரம்மா நெட் துணியில் எலாஸ்டிக் வைத்து அதற்கு ஒரு மூடி தைத்துக் கொடுத்தாள். பாட்டில் ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது. அந்த வாரமே மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீடு காலியா இருக்கு. போயிடலாம்னு பார்க்கறோம்." அவள் அங்கே நர்ஸ். "எலி வளையானாலும் தனி வளை வேணும்மா. உங்க ரெண்டு பேருக்கும் தூது போய் என் நாக்கு தேஞ்சதுதான் மிச்சம். உனக்கு அவரைப் பிடிக்கல. அவருக்கும் இங்க மூச்சு முட்டுது."

"பிடிக்கலைன்னு யாருடி சொன்னது?"

"பிடிக்கும்னு நீ எப்ப சொன்ன?"

தையல்காரம்மா கையில் இருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"பூச்சி பொரிஞ்சதும் அதைச் செடியில விட்டுட்டுத்தான் வருவேன்னு நிக்கறார். அது பொரியட்டும், கிளம்பிடறோம்" என்றாள் மகள்.

பூச்சி பொரிந்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள். பொரியாவிட்டால்? குளிரில் வைத்தால் தூங்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார் அல்லவா? மறுநாள் இருவரும் வேலைக்குப் போனதும் பாட்டிலைத் தூக்கி ஃப்ரிட்ஜில், கீரைக் கட்டுக்குப் பின்னால் வைத்தாள். சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்பதற்குள் எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். இதே வேலைதான் தினமும். ஒளித்தது ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கிடமிருந்து, ஒளித்த இடமும் ஃப்ரிட்ஜ்! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் ஊர் ஃப்ரிட்ஜையெல்லாம் திறந்து மூடி அலுத்த மனுஷன், வீட்டு ஃப்ரிட்ஜைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார் என்பது அவள் தைரியம்.

"இன்னும் பொரியலையே" என்பார் மாப்பிள்ளை, பாட்டிலிடம்.

"அவசரப்பட்டா ஆகுமா?" என்பாள் இவள், ஊசியிடம்.

திடீரென்று ஃப்ரிட்ஜுக்குப் பைத்தியம் பிடித்தது. பால் கல்லாயிற்று. தக்காளி கண்ணாடிக் குண்டு போல ஆனது. கீரை கறுத்துப்போனது. வீட்டிலேயே மெக்கானிக்கை வைத்துக்கொண்டு "கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல முடியாத கொடுமை எதிரிக்கும் வரக்கூடாது. பாலைக் கத்தியால் குத்தி உடைத்துக் காய்ச்சினாள்.

ஒரு மத்தியானம் பாட்டிலைத் தொட்டவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெட் துணி விறைத்திருந்தது. ஐயோ, உள்ளேயே செத்துப்போயிருக்குமோ? என் பிள்ளைங்க என்னோட இருக்கணும்னு இன்னொரு தாயோட பிள்ளைங்களைக் கொன்னுட்டேனே! பாட்டிலை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டு, மிஷின் விளக்கின் சூடு படுகிற இடமாகப் பார்த்து வைத்தாள்.

"போறவங்க போகட்டும். நீங்க பிழைச்சு வாங்கடா" என்றாள்.

சாயங்காலம் மாப்பிள்ளை வந்தார். மகளுக்கு அன்றைக்கு நைட் டியூட்டி, தூது போக ஆளில்லை. மிஷின் விளக்கடியில் துளி ஈரமில்லாமல் இருந்த பாட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"இதை ஏன் இன்னிக்குச் சீக்கிரமே வெளியில எடுத்தாச்சு?"

"எதுக்குள்ளேருந்து வெளியில?" என்றாள் அவள்.

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருவரும் நின்றார்கள்.

"முதல் நாளே பாட்டில் வேர்த்திருந்துச்சு அத்தை" என்றார் கடைசியில். "சாயங்கால வெயில்ல இருக்கற பாட்டில் எதுக்கு வேர்க்கணும்? என் தொழிலே அதுதானே. அன்னிக்கே புரிஞ்சுடுச்சு."

"அப்ப ஏன் கேட்கல?"

"கேட்டா எடுத்துடுவீங்களே!" அவர் தரையைப் பார்த்தார். "காலையில கிளம்பறப்ப குளிரைக் கூட்டி வெச்சுட்டுப் போனதும் நான்தான். கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுச்சு."

"அடப்பாவி!" என்று கத்திவிட்டாள் தையல்காரம்மா. மாப்பிள்ளையைப் போய் அப்படிச் சொல்லிவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது.

"உங்களுக்குத்தான் என்னைக் கண்டா ஆகாதுன்னு நினைச்சேன்" என்றார் அவர்.

"உங்களையா? நீங்க என் வயித்துல பிறக்கல, அவ்வளவுதான் குறை. போகாதீங்க மாப்பிள்ளை. நீங்க போகவே கூடாது."

அன்றைக்குத் திறந்த மடை அப்புறம் அடைபடவே இல்லை. கூடு செத்ததா பிழைத்ததா என்று இருவரும் விளக்கடியில் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பார்க்கிற சாக்கில், இத்தனை நாள் பேசாததையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். மகள் டியூட்டிக்கும் தூக்கத்துக்கும் நடுவில் அலைந்துகொண்டிருந்தாள், அவளுக்கு எதுவும் தெரியாது.

ஒரு காலையில் கூடு பொரிந்தது. நூலில் தொங்குகிற எறும்புகளைப் போல வெளிறிய குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக இறங்கிக்கொண்டே இருந்தன. எள்ளளவு உடம்பை வைத்துக்கொண்டு முன்னங்கால் இரண்டையும் கூப்பிக்கொண்டு நின்றன. "பிறந்ததுமே கும்பிடு போடுது பாருங்க!" என்றாள் தையல்காரம்மா. இருவரும் பாட்டிலோடு தோட்டத்துக்கு ஓடினார்கள்.

"ஒரே செடியில கொட்டாதீங்க அத்தை, ஒண்ணை ஒண்ணு தின்னுடும்."

"தெரியும், தெரியும். நீங்க அந்தக் கிளையைப் பிடிங்க."

டியூட்டி முடிந்து வந்த மகள் தோட்டத்துக் கதவருகே நின்றாள். தன் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறோமா என்று அவளுக்கே சந்தேகம். அப்புறம் பாட்டிலைப் பார்த்தாள்.

"பொரிஞ்சிடுச்சா! நல்லதாப் போச்சு. அந்த வீட்டுக்காரர் இன்னிக்கே சாவி தர்றாராம். சாமானைக் கட்டிடலாமா?"

மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சாவியை வாங்கிக்கோடி, வேண்டாங்கல. போகணும்னா நீ போ. லீவு கிடைக்கறப்ப வந்து எங்களைப் பார்த்துட்டுப் போ. மாப்பிள்ளை எங்கேயும் வரமாட்டார்."

மகள் திறந்த வாய் மூடாமல் புருஷனைப் பார்த்தாள். அவர் மெல்ல நகர்ந்துபோய் அத்தைக்குப் பின்னால் நின்றுகொண்டார்.