காலி டப்பாவின் பயன்கள்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை, சமையல் பாத்திரங்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், தலைமை வடிவமைப்பாளர் பதவிக்கான படைப்பாற்றல் தேர்வு நடந்தது. எழுதியவர்கள் இரண்டு பேர்.

ஒருத்தி பத்து வருடமாக அங்கே பாத்திரம் வரைபவள், முதுகலை படித்தவள். கம்பெனியில் அதிகம் விற்கும் கை சுடாத மூடி அவள் வரைந்தது. ஆனால் அது வெளிவந்தது மேலே இருந்தவர் பெயரில். அங்கே வழக்கம் அப்படி. படத்தில் தலைமை வடிவமைப்பாளர் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இனி தன் படத்தில் தன் பெயர் இருக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

இன்னொருவன் கல்லூரியைப் பாதியில் விட்டதை விருது வாங்கியது போலச் சொல்லிக்கொள்பவன். எந்தக் கூட்டத்திலும் “பெருசா யோசிக்கணும் சார்” என்பான். அதற்கு மேல் யோசித்ததில்லை. அவனுக்கு ராக்கெட் என்று பட்டப்பெயர். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான்.

தேர்வை நடத்த ஒரு நிபுணரை வெளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். முதல் கேள்வி: காலித் தகர டப்பாவை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்?

அவள் இரண்டு பக்கம் எழுதினாள். அடியில் துளை போட்டால் சல்லடை, வெட்டி விரித்து ஆணியால் குத்தினால் துருவி, ஒழுகும் குழாய்க்குப் பட்டை, மெழுகுவர்த்திக்கு அச்சு, இப்படி. அவன் ஐந்து வார்த்தை எழுதினான்: விண்கலம், பீரங்கி, நீர்மூழ்கி, ரோபோ, கிரீடம்.

மாலையில் முடிவு வந்தது. அவனுக்கு ஐந்து மதிப்பெண். அவளுக்கு அரை.

“அரையா?” என்றாள்.

“ஒரே வகையில வர்றதெல்லாம் ஒரே யோசனைதான் மேடம்,” என்றார் நிபுணர். “நீங்க எழுதினது எல்லாமே வீட்டு உபயோகம். அதுக்கு ஒண்ணு.”

“நாம விக்கிறதே வீட்டு உபயோகம்தானே சார்?”

நிபுணர் புன்னகைத்தார். பதில் இல்லாதபோது புன்னகைப்பதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கட்டணம்.

“சரி, மீதி அரை எங்க போச்சு?”

“வாழ்க்கையில எது முக்கியம்னு ரெண்டாவது கேள்வி. தம்பி ‘சுதந்திரம்’னு எழுதினார். நீங்க ‘செஞ்ச பொருள் உடையக் கூடாது’ன்னு எழுதியிருக்கீங்க. பயந்த மனசு. படிப்பு அதிகமானா இப்படி ஆகிடும்.”

இதைச் சொன்னவரின் முகவரி அட்டையில், பெயரைவிட அதற்குப் பின்னால் வரும் பட்டங்கள் நீளமாக இருந்தன.

கூடவே இருந்த கம்பெனி நிர்வாகி இடையில் புகுந்து சமாதானம் செய்தார். “மனசுல வெச்சுக்காதீங்கம்மா. நாளைக்கே திரும்ப எழுதுங்க. கொஞ்சம் ஆம்பளை மாதிரி யோசிங்க, போதும்.”

“டப்பாவுல நீர்மூழ்கியா?”

“ஏதோ ஒண்ணு. எழுதினா வேலை உங்களுக்கு.”

அவள் எழுந்தாள். “மூழ்கும் சார். ஆனா திரும்பி வராது. நான் எழுத மாட்டேன்.”

“பாத்தீங்களா,” என்றார் நிபுணர், நிர்வாகியிடம். “வளைஞ்சு குடுக்கவே மாட்டேங்கறாங்க.”

பதவி ராக்கெட்டுக்குப் போனது. அடுத்த மாதம் புதிய பால் பாத்திரத்தின் படம் அவன் மேசைக்கு வந்தது. வரைந்தவள் அவள்.

“அக்கா, இதுல எது மேல் பக்கம்?” என்று கேட்டான்.

அவள் காட்டினாள். அவன் கையெழுத்துப் போட்டான்.