விசிறிக் குடத்தில் ஒரு குருசு

வேலாயுதன் ஏலத்தில் எடுக்கப் போனது தன் எண்ணெய் மில்லுக்கு ஒரு எஞ்சின். யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் வேண்டாத சாமான்களைக் கழித்துக் கட்டிய நாட்களில் பெங்களூர் வரை போய்ப் பேசி முடித்து, ரயிலில் ஏற்றிவிட்டு வந்தான். ரயில் ஸ்டேஷனில் இறக்கி, பெட்டியைப் பிரித்தால் எஞ்சினோடு இரண்டு சிறகும் ஒரு வாலும் கிடந்தன. எழுதிக் கேட்டதற்கு, சாமான் மொத்தமும் சேர்ந்ததுதான், பிரித்து விற்பதில்லை என்று பதில் வந்தது. சிறகை மில்லுக்குக் கூரையாகப் போடலாம் என்று அவன் மனைவி சத்யபாமா சொல்லிப் பார்த்தாள். வேலாயுதன் கேட்கவில்லை, பறந்தான். அவன் பறக்கக் கற்றுக்கொண்டது தனிக் கதை. அதில் சம்பந்தப்பட்ட மூன்று தென்னைகளும் இன்று இல்லை.

அது முழு விமானமும் அல்ல. எஞ்சினை ஓட்டி மேலே ஏறலாம். ஏறிய பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு, பருந்து மாதிரி காற்றில் மிதந்தே இறங்கலாம். மோட்டார் கிளைடர் என்று பெட்டியின் மேல் எழுதியிருந்தது. ஊரார் பருந்து வண்டி என்றார்கள்.

பருந்து வண்டி பறக்க வேண்டுமானால் ரெத்தினதாஸ் சரி சொல்ல வேண்டும். அவன் யுத்தத்தின்போது விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவன். இப்போது அமரவிளையில் சைக்கிள் கடை. வண்டியின் மூக்கில் சுழலுகிற மர விசிறியை எஞ்சினோடு சேர்த்துப் பிடிக்கிற இரும்பு வட்டுக்கு, மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்து, குடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த இனத்துக் குடங்கள் வேறெங்கோ ஆகாயத்தில் வைத்தே பிளந்திருக்கின்றன. அதனால் அதற்கென்றே சட்டம் உண்டு. ஒவ்வொரு முறை பறப்பதற்கு முன்பும் குடத்தை நன்றாகத் துடைத்து, வெறும் இரும்பில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் பறக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் விரிசல் உண்டு என்றே கொள்ள வேண்டும். ரெத்தினதாஸ் இதை வேத வசனம் மாதிரி மனப்பாடமாகச் சொல்வான்.

இந்தச் சட்டத்துக்கும் வேலாயுதனுக்கும் ஓயாத தகராறு. மில்லில் தராசு முதல் எந்திரம் வரை எல்லாவற்றுக்கும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துத் துடைத்து, மூன்று வரி விபூதி பூசாமல் அவன் வேலை தொடங்குவதில்லை. குடத்துக்கும் அதே மரியாதைதான்.

"எலே தாசு, தொடைக்காதே. சாமி கோவிச்சுக்கும்."

"தொடைக்கலேன்னா குடம் கோவிச்சுக்கும். ரெண்டு கோவத்துல எது உன்னைத் தூக்கி மரச்சீனிக் கிழங்குக் காட்டுல போடும், நீயே சொல்லு."

ஒவ்வொரு தடவையும் இதே பேச்சு. ஒவ்வொரு தடவையும் ரெத்தினதாஸ் துடைத்துவிட்டுத்தான் பார்த்தான். அந்த ஒரு நாளைத் தவிர.

அது எல்லைப் போராட்டம் சூடாக நடந்துகொண்டிருந்த காலம். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்று ஊரெல்லாம் கேள்வியாக இருந்தது. கூட்டம் போடத் தடை, ஊர்வலத்துக்குத் தடை. அமரவிளையில் போலீஸார் பஸ்ஸை நிறுத்தி, சோற்றுப் பாத்திரத்தைக்கூடத் திறந்து நோட்டீஸ் இருக்கிறதா என்று கிளறினார்கள். சோற்றுக்கு அடியில் நோட்டீஸ் வைத்த இரண்டு பேர் ஜெயிலில் இருந்தார்கள். ரோட்டில் போனால்தானே சோதிப்பார்கள், ஆகாயத்துக்கு எவன் செக்போஸ்ட் போட்டிருக்கிறான் என்று வேலாயுதன் கேட்டான். சந்தை நாளில் நெய்யாற்றின்கரைக்கு மேலே போய் நோட்டீஸைக் கொட்டிவிட்டு வருவது என்று முடிவாயிற்று.

வண்டியில் இரண்டு பேர்தான் உட்காரலாம். ஓட்ட வேலாயுதன். வீச ஒரு ஆள் வேண்டும். கனம் குறைந்த ஆள். போராட்டத்தில் ஈடுபட்ட ஆண்கள் எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடைசியில் ரெத்தினதாஸின் மனைவி சுகிர்தபாய், "நான் போறேன்" என்றாள்.

ரெத்தினதாஸ் முந்தின இரவு முழுக்க வேண்டாம் என்றான். காலையில் மைதானத்துக்கு வரும் வழியிலும் சொன்னான்.

"எட்டி, இது விளையாட்டு இல்ல."

"நீங்க பாத்து சரின்னு சொன்ன பெறவுதானே ஏறப்போறேன்? உங்க வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லியா?"

அவன் நடையை எட்டிப் போட்டான். கொல்லமா என்கிற முந்திரி மரங்களுக்கு நடுவே இருந்த செம்மண் மேட்டில் வண்டி நின்றது. விடியற்காலையில் பெய்த மழையில் தரை குளிர்ந்திருந்தது. இறக்கைகளையும் கம்பிகளையும் ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே மூக்குக்கு வந்தான். குடத்தில் வழக்கம்போல மூன்று வரி விபூதி. ரெத்தினதாஸ் துணியை எடுத்தான்.

அப்போதுதான் கண்டான். மூன்று வரிகளுக்கும் குறுக்கே, மேலிருந்து கீழாக, கறுப்பாக ஒரு கோடு. ஒரு குருசு.

குறுக்குக் கை ஒன்றுக்கு மூன்றாக இருந்தது என்னவோ உண்மை. அவனுடைய கிறிஸ்தவ சபையில் இப்படிக் கண்ட இடத்தில் சிலுவை வரைகிற வழக்கமும் கிடையாது. ஆனாலும் குருசு குருசுதான். யார் போட்டது என்பதில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. வேலாயுதனுடைய சாமி முன்னால் போனால் நம்முடையதும் போகட்டும் என்று நினைக்கக்கூடியவள் சுகிர்தம் ஒருத்திதான். வாயால் வீரம் பேசினாலும் உள்ளே பயந்துதான் இருக்கிறாள் என்று நினைத்ததும் அவன் நெஞ்சு கனத்தது. விபூதியைத் துடைக்க என்றுமே அவன் தயங்கியதில்லை. குருசைக் கிரீஸ் துணியால் துடைக்கக் கை வரவில்லை.

சுற்றிலும் துடைத்தான். சுற்றிலும் பார்த்தான். ஆணிகளை முறுக்கிப் பார்த்தான். நடுவில் அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, "சரி" என்றான்.

"இண்ணைக்கு என்னப்பா சாமியை விட்டுட்டே?" என்று வேலாயுதன் ஆச்சரியப்பட்டான்.

"ஏறு, ஏறு."

ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். வண்டி மேலே இருக்கும்போது போலீஸ் மைதானத்துக்கு வந்துவிட்டால் கீழே இருப்பவர்கள் புகை போட வேண்டும். புகையைக் கண்டால் வேலாயுதன் உடனே எஞ்சினை நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் மிதந்து போய், பொழியூர் கடற்கரை மணலில் இறங்கிவிட வேண்டும். அதற்காக வைக்கோலும் ஓலையும் குவித்து வைத்திருந்தார்கள்.

வண்டி இரைச்சலோடு ஓடி, கடைசிக் கொல்லமாவைத் தொட்டும் தொடாமலும் மேலே எழும்பியது. உயரம் பிடிப்பதற்காக மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஏறியது. சுகிர்தபாயின் நீலச் சேலைத் தலைப்பு ஒரு ஓரத்தில் படபடத்தது. ரெத்தினதாஸும் சத்யபாமாவும் கழுத்தை அண்ணாந்து நின்றார்கள். கனம் அதிகம் என்று வண்டியிலிருந்து இறக்கிவைத்த மிச்ச நோட்டீஸ் கட்டுகள், தார்ப்பாய்க்கு அடியில், சத்யபாமாவின் காலருகே இருந்தன.

"தாசண்ணா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் சத்யபாமா. "சாமிக்கு மேல குருசு போட்டியளே, எங்க அவிய பாத்தா சண்டைக்கு வரமாட்டாவளா?"

"நான் எங்க போட்டேன்? சுகிர்தம் போட்டது."

"சுகிர்தமா? அவ விடிஞ்சதுலேருந்து என்கூட இருந்துல்லா நோட்டீஸ் கெட்டினா. வண்டிக்க முன்பக்கம் அவ போகவே இல்ல."

"பின்ன வேலாயுதனா?"

"அவியளா? குருசா?" சத்யபாமா சிரித்தாள். "விபூதி வைக்கும்போ நான் பக்கத்துல நிக்கேன். மூணு வரி. அம்புட்டுதான்."

ரெத்தினதாஸுக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலையில் வேலாயுதன் எண்ணெய் தேய்த்திருக்கிறான். துணியால் துடைத்திருக்கிறான். துடைத்தால் மேலே உள்ள எண்ணெய் போகும். உள்ளே இறங்கினது போகாது. அதன்மேல் காய்ந்த திருநீறு. உள்ளே இறங்கின எண்ணெய் மெல்ல மெல்ல மேலே கசிந்து, திருநீறை நனைத்து, எங்கே பிளவு இருக்கிறதோ அங்கே கோடு போடும். பட்டாளத்தில் இதே வேலையைத்தான் எண்ணெயும் சுண்ணாம்புப் பொடியும் வைத்து மூன்று வருஷம் செய்தான். விரிசலைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி அப்போது கிடையாது.

"குடம் பொட்டியிருக்கு" என்றான். விரிசல் விட்டிருக்கிறது. சத்யபாமாவின் பக்கம் திரும்பிக் கத்தினான். "பாமா, குடம் பொட்டியிருக்கு! எஞ்சினை நிறுத்தணும். புகை போடு!"

"போலீஸ் எங்க அண்ணா?"

"போலீஸ் கிடக்கட்டும்! விசிறி பிச்சுக்கிட்டு வந்தா சிறகை அறுத்துரும்!"

வைக்கோலிடம் ஓடினான். தீக்குச்சியைக் கிழித்து வைத்தான். மழையில் ஊறிய வைக்கோல் தீக்குச்சியை ஒரு மரியாதைக்குக்கூடக் கவனிக்கவில்லை. ஒன்று, இரண்டு, பிடிப்பிடியாய் நாலைந்து சேர்த்து. பெட்ரோல் டின்னைக் கவிழ்த்தான்; கடைசிச் சொட்டு வரை வண்டிக்குள் ஊற்றியாகிவிட்டிருந்தது. மேலே இரைச்சல் தூரப் போகத் தொடங்கியது. வட்டமடித்து முடித்து, வேலாயுதன் நெய்யாற்றின்கரைப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தான். இரைச்சலில் ஒரு புதுத் தடுமாற்றம் இருந்ததா, அல்லது தன் காதில்தான் கோளாறா என்று ரெத்தினதாஸுக்குத் தெரியவில்லை.

காய்ந்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் தார்ப்பாயைப் பார்த்தான். சத்யபாமாவும் பார்த்தாள்.

"அதுக்காவ ரெண்டு பேரு ஜெயிலுக்குள்ள கிடந்து..." என்று அவன் தொடங்கினான்.

"மேல ரெண்டு பேரு உண்டு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் கட்டை அவிழ்த்து வைக்கோலுக்கு அடியில் திணித்துவிட்டாள். தீப்பெட்டியையும் அவன் கையிலிருந்து பிடுங்கினாள். அவளே கிழித்து வைத்தாள்.

தாய்த் தமிழகத்தோடு இணைவோம் என்ற தலைப்பு முதலில் பிடித்தது. பிறகு கட்டுக் கட்டாகப் பற்றியது. ஈர வைக்கோல் சீறி, சுருண்டு, வெள்ளைப் புகையாகக் கக்கத் தொடங்கியது. இத்தனை புகை ஒரு சின்னக் குவியலுக்குள் எப்படி இருந்தது என்று கேட்கும்படியாகக் கொல்லமா மரங்களுக்கு மேலே தூணாக எழுந்தது. பாறசாலை முழுக்கப் பார்த்திருக்கும். போலீஸ் ஸ்டேஷனும் பாறசாலையில்தான் இருந்தது.

வண்டி மரங்களுக்கு அப்பால் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு சத்தமும் நின்றது.

"நிறுத்திட்டாவ!" என்றாள் சத்யபாமா. "நிறுத்திட்டாவ அண்ணா!"

ரெத்தினதாஸ் இன்னும் காது கொடுத்துக்கொண்டிருந்தான். எஞ்சினை நிறுத்தினாலும் சத்தம் நிற்கும். விசிறி பிய்ந்து, சிறகை அறுத்துக்கொண்டு போனாலும் சத்தம் நிற்கும். இரண்டும் தூரத்திலிருந்து கேட்பவனுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். சப் இன்ஸ்பெக்டரும் கான்ஸ்டபிள்களும் மூச்சிரைக்க மேடேறி வந்தபோது, எழுந்திருக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"எந்தாடோ கத்திச்சது?" என்று, எரித்தது என்ன என்பதை, சப் இன்ஸ்பெக்டர் மலையாளத்தில் கேட்டார்.

"பேப்பர்."

"எந்து பேப்பர்?"

"எரிஞ்ச பேப்பர்."

சாம்பலைத் தடியால் கிளறிப் பார்த்தார்கள். ஒரு எழுத்துக்கூட மிச்சமில்லை. நோட்டீஸை எரித்தவனை நோட்டீஸ் வைத்திருந்த குற்றத்துக்குப் பிடிக்கலாமா என்று சப் இன்ஸ்பெக்டருக்கே சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார். சத்யபாமா பொழியூர்ப் பக்கம் ஓடினாள்.

ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். ரெத்தினதாஸ் ஜன்னல் வழியே ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். டெலிபோன் மணி அடித்தது. சப் இன்ஸ்பெக்டர் எடுத்துக் கேட்டார். முகம் மாறியது.

"பொழியூரிலா? ஆகாசத்துநிந்நோ? விழுந்நது எந்து?"

ரெத்தினதாஸ் எழுந்து நின்றான். கான்ஸ்டபிள் தோளைப் பிடித்து அமர்த்தப் பார்த்தார், அவன் அமரவில்லை.

"விசிறியோ? மரத்தில் உண்டாக்கிய விசிறியோ?" சப் இன்ஸ்பெக்டர் டெலிபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவனைப் பார்த்தார். "ஒரு வல்லிய விசிறி தெங்ஙின்தோப்பில் வந்நு குத்தி நிக்குந்நு. அறியுமோ?"

"வேற என்ன விழுந்தது, ஐயா?"

"வேற ஒந்நும் பறஞ்ஞில்ல."

ஒன்றும் விழவில்லை என்பதா, ஒன்றும் சொல்லவில்லை என்பதா? கேட்பதற்குள் அவர் போனை வைத்துவிட்டார். அதன்பிறகு அந்த ஸ்டேஷனில் நேரம் நகரவேயில்லை. வெயில் ஏறியது, இறங்கியது. யார் யாரோ பெட்டிஷன் கொண்டு வந்தார்கள், போனார்கள். கருவாட்டு லாரி ஒன்று வாசலில் நின்று புறப்பட்ட பிறகு, வெளியே ஒரு பெண்குரல் பாராக் காவல் நின்ற கான்ஸ்டபிளோடு மலையாளத்தில் சண்டை பிடிப்பது கேட்டது.

சண்டையில் ஜெயித்து சுகிர்தபாய் உள்ளே வந்தாள். தலையெல்லாம் மணல். சேலையில் மீன் வாசம். நெற்றியில் ஒரு சின்னக் கீறல். 

"புகையை நான்தான் பாத்தேன்" என்றாள் அவள், நின்ற நிலையிலேயே. "வேலாயுதண்ணன்கிட்ட சொன்னா, எவனோ சப்பு சவறு எரிக்கான்னாரு. மழை பெஞ்ச காலையில எவன் சப்பு எரிப்பான்? முதுகுல ஒண்ணு வச்சேன். நிறுத்தினாரு. விசிறி பைய நிக்கப் போவுதுன்னு பாத்தா, கடகடன்னு ஒரு ஆட்டம் ஆடிட்டு, எங்களை விட்டுட்டு முன்னால போயிட்டு. சொல்லவும் இல்ல, கொள்ளவும் இல்ல."

"வேலாயுதன்?"

"மணல்ல வண்டிக்குக் காவலா இருக்காரு. பாமா வந்து திட்டிக்கிட்டிருக்கா. அவருக்கு ஒண்ணும் இல்ல."

அவள் பெஞ்சில் உட்கார்ந்து, சுற்றி நின்ற போலீஸாரைப் பார்த்தாள். "அது சரி, இவிய எப்ப மைதானத்துக்கு வந்தாவ?"

"புகைக்குப் பெறவு."

"பெறவா? அப்ப முதல்ல என்னத்துக்குப் புகை போட்டிய?"

ரெத்தினதாஸ் சொன்னான். எதையும் மறைக்காமல், துணியை எடுத்ததையும் துடைக்காமல் விட்டதையும் சரி என்று சொன்னதையும் தலை குனிந்தபடி சொன்னான். அவள் முழுக்கக் கேட்டாள். தலையிலிருந்த மணலைத் தட்டினாள். பாரா கான்ஸ்டபிள், தோற்றுப்போன மரியாதைக்கு, ஒரு இலையில் இரண்டு தோசையும் ஒரு கிளாஸ் கட்டன்சாயாவும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ரெத்தினதாஸ் கிளாஸை எடுத்தான். பாதி சாயா வேட்டியில் கொட்டியது. அவள் வாங்கி, அவன் வாயருகே பிடித்தாள்.

"வேலாயுதண்ணன் வேற குடமும் விசிறியும் எழுதி வரவழைக்கப் போறாராம். சரி பாக்க உங்களைத்தான் விளிப்பாரு."

"பாக்கேன்."

"நான் ஏறவா?"

"வேண்டாம். இனி பாத்தவன்தான் ஏறணும். நான் ஏறுதேன்."

"நீங்க கனம்லா."

ரெத்தினதாஸ் இலையைப் பார்த்தான். ஒரு தோசையை எடுத்து, முழுதாக, அவள் பக்கம் தள்ளி வைத்தான். யோசித்துவிட்டு, மற்றதில் பாதியையும் பிய்த்து வைத்தான்.