யுமிகோவின் பேட்ஜ்

மரக்காணம் உப்பளத்தில் வேலை பார்க்கும் அஞ்சம்மாளுக்கு ஒரே மகள். பெயர் யுமிகோ. சுனாமிக்குப் பிறகு போட்ட முகாமில் பிரசவம் சிக்கலாகி, எல்லோரும் கைவிட்டபோது இரண்டு உயிரையும் காப்பாற்றியவள் ஒரு ஜப்பான்காரி நர்ஸ். அவள் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிட்டாள் அஞ்சம்மாள். இதெல்லாம் ஒரு பெயரா, மாற்று என்றார் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். மாற்றுவதாயிருந்தால் பள்ளிக்கூடமே வேண்டாம் என்று அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெயரால் மகள் பட்ட கேலி கொஞ்சநஞ்சமல்ல.

கூனிமேடு பக்கம் ஜப்பான் கம்பெனி இன்ஜினியர்கள் தங்கும் ரிசார்ட்டில் ஆள் எடுத்தபோதுதான் பெயருக்கு மரியாதை வந்தது. கேட்டதுமே மேனேஜர் மணிவண்ணனுக்கு வாயெல்லாம் பல். ரிசப்ஷனில் நிற்பவள் 'ஐ' என்று சொல்லக்கூடாது, தன் பெயரைச் சொல்லித்தான் இங்கிலீஷ் பேசவேண்டும் என்பது அந்த மேதாவியின் கண்டுபிடிப்பு. "யுமிகோ இஸ் ஹேப்பி டு ஹெல்ப் யூ." "யுமிகோ வில் பிரிங் யுவர் கீ." வீட்டில் அவள் இதையே சொல்லிப் பார்ப்பாள். இங்கிலீஷ் தெரியாத அஞ்சம்மாள், மகள் பெயர் வரும் இடத்தில் மட்டும் தலையாட்டுவாள். பெயர் போட்ட பேட்ஜ் வந்ததும் சாமி படத்தின் முன் வைத்துக் கும்பிட்டாள்.

அப்புறம் முதலாளி வந்தார். அம்மாவோடு உப்பளத்தில் நின்று வெயிலில் கறுத்த யுமிகோவின் முகத்தையும் உப்பு அரித்த கைகளையும் பார்த்தார். மணிவண்ணனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவ்வளவுதான், பேட்ஜ் ஆஷ்லின் சட்டைக்கு ஏறிவிட்டது. ஆஷ்லின் பாண்டிச்சேரிப் பெண், நல்ல சிவப்பு. பெயர் பிடித்திருந்தது, முகம் பிடிக்கவில்லை. கோழியைத் துரத்திவிட்டு முட்டையை எடுத்துக்கொண்டார்கள், பாவிகள்.

மணிவண்ணன் குரலை உயர்த்தக்கூட இல்லை. "ஒரே எடத்துல ரெண்டு யுமிகோ இருந்தா கெஸ்ட்டுங்க குழம்பிடுவாங்கம்மா. நீ ரூம் க்ளீனிங்ல இரு. இங்க உன் பேரு லட்சுமி. புடிக்கலன்னா கெளம்பலாம்."

கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் அஞ்சம்மாளின் கால்கள் உப்புத்தண்ணீரில் ஊறிப் புண்ணாகி, இனி பாத்தியில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தச் சம்பளத்தை விட்டால் அம்மா மறுபடி இறங்குவாள். யுமிகோ வாளியை வாங்கிக்கொண்டாள். வீட்டில் ரிசப்ஷன் வேலை என்றே சொல்லிவைத்தாள்.

மகள் நிற்கும் அழகைப் பார்க்க ஆசைப்பட்டு, ஒரு மத்தியானம் மீன்குழம்புத் தூக்கோடு அஞ்சம்மாள் வந்தே விட்டாள். யுமிகோவைப் பார்க்கவேண்டும் என்றாள். பக்கத்தில் ஜப்பான் விருந்தாளிகள் நின்றதால் ஆஷ்லின் பழக்கதோஷத்தில் சிரித்தாள். "யுமிகோ இஸ் ஹேப்பி டு ஹெல்ப் யூ."

அஞ்சம்மாளுக்கு அந்த பேட்ஜை அடையாளம் தெரிந்தது. "இது எம்பொண்ணோடதாச்சே. எம்பொண்ணுதான் யுமிகோ" என்று சத்தம் போட்டாள். விருந்தாளிகள் திரும்பிப் பார்த்தார்கள். வாளியோடு அந்தப் பக்கம் வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள்.

சத்தம் கேட்டு வந்த மணிவண்ணன் சிரிப்பு மாறாமல் அவளிடம் கேட்டான். "லட்சுமி, ஹூ இஸ் யுமிகோ?"

அவள் அம்மாவின் கால்களைப் பார்த்தாள். பிறகு ஆஷ்லினைக் கை காட்டினாள்.

"ஷீ இஸ் யுமிகோ, சார்."

அஞ்சம்மாளுக்கு அதில் ஒரு வார்த்தைதான் புரிந்தது. அதுவே போதுமாயிருந்தது. தூக்கை ஆஷ்லின் முன்னால் வைத்தாள்.

"அப்ப இது உனக்குத்தாம்மா. யுமிகோவுக்குன்னு கொண்டாந்தது."

மகளைத் திரும்பிப் பார்க்காமல், புண்ணுக் காலை இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.