வேலைக்குப் போயிருக்கிறார்

கேட்டுக்கு வெளியே பூஜிதாவின் ஸ்கூட்டி வந்து நின்ற சத்தத்திலேயே அவள்தான் என்று ராமாமணிக்குத் தெரிந்துவிட்டது. யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்கு இல்லை என்று அரசாங்கத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கும் பெண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே வீட்டுக்கு வருவேன், மொத்தம் நாலு தடவை என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். இது மூன்றாவது.

முதல் தடவை வந்தது சித்திரை வெயிலில். கணவர் அரங்கசாமிக்கு அப்போது வேலை போய் இரண்டு மாதம். ஆர்டர் இல்லையென்று ஆவாரம்பாளையத்து மோட்டார் கம்பெனியில் பதினெட்டுப் பேரை ஒரே நாளில் நிறுத்தியிருந்தார்கள். அன்று அவர் பதில் சொல்லத்தான் உள்ளறையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வீட்டுக்கார அம்மா தெய்வாத்தாள் பூஜிதாவுக்கு வழிகாட்ட வந்தவள் அப்படியே வாசலில் நின்றுவிட்டாள். இவர்கள் மகள் நேஹாவுக்கு வரன் சொல்லியிருந்ததே தெய்வாத்தாள்தான்; வேலை போனது அவளுக்குத் தெரியாது. ராமாமணியின் வாய் முந்திக்கொண்டது.

"அவரு வேலைக்குப் போயிருக்காருங்க."

உள்ளறையில் ஃபேன் நின்றது. சத்தம் கேட்டுவிடக்கூடாதென்று அவரே அணைத்திருந்தார். முக்கால் மணி நேரம் ஒரு செருமல்கூட வரவில்லை. அவர்கள் போனதும் முதுகோடு ஒட்டிய சட்டையுடன் வெளியே வந்தவர், "ஏனம்மணி, இன்னைக்கு எனக்கு அரை நாள் சம்பளமாச்சும் உண்டா?" என்று கேட்டார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைக்க முடியவில்லை.

அதன் பிறகு யார் பெல் அடித்தாலும் அவராகவே எழுந்து உள்ளே போய்விடுவார். விடிந்தால் சிட்கோ தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவார். ஐம்பத்துமூன்று வயது என்றதும் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

இரண்டாவது தடவை பூஜிதா வந்தபோதும் அப்படித்தான் உள்ளே போனார். முதலில் சொன்னதை மாற்றினால் பொய் வெளிப்பட்டுவிடும் என்று ராமாமணி அதையே திருப்பிச் சொன்னாள். பாதிக் கேள்வியில் உள்ளே டம்ளர் விழுந்து உருண்டது. பூஜிதா நிமிர்ந்தாள்.

"பூனைங்க" என்றாள் ராமாமணி.

அதற்குப் பிறகும் இருபது நிமிடம் கேள்விகள் ஓடின. காபி வேறு போட்டுக் கொடுத்தாள். பூஜிதா போன பிறகு உள்ளறைக் கதவைத் திறந்தபோது அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தார். துண்டை வாயில் அழுத்திப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. வலி எப்போது வந்தது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "இப்பத்தானுங்க" என்றாள். அங்கேயும்.

இப்போது பூஜிதா உள்ளே வந்து, மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"எப்பங்கக்கா?"

ராமாமணி தேதியைச் சொன்னாள். பூஜிதாவின் விரல் டேப்லெட்டில் தேடி ஓரிடத்தில் நின்றது.

"நான் வந்த நாளுங்களே. அன்னைக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு..."

"போகலீங்க கண்ணு. உள்ளதான் இருந்தாரு."

பூஜிதாவின் கண் மெல்ல உள்ளறைக் கதவுக்குப் போயிற்று. பூனை அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அதை அவளாகவே கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ராமாமணிக்குத் தோன்றியது.

"வேலை தேடிட்டிருந்தாருன்னு மாத்தி எழுதிக்கோ கண்ணு. ஒரு நாள் உடாமத் தேடுனாரு."

"பழசு மேல ஆபீசுக்குப் போயிருச்சுங்கக்கா. என்னால தொட முடியாது." குரல் இறங்கியது. "இப்ப அவரு பேரை எடுக்கத்தான் முடியும்."

எடுத்தாள். பிறகு, கேட்டே ஆக வேண்டிய கேள்வியைத் தலை குனிந்தபடியே கேட்டாள். "உங்களுக்குங்கக்கா... போன ஏழு நாள்ல ஏதாச்சும் வேலைக்குப் போனீங்களா?"

ராமாமணி எழுந்தாள். மூன்று மாதமாகச் சாத்தியே கிடந்த உள்ளறைக் கதவைத் திறந்து, ஃபேனை முழு வேகத்தில் போட்டாள். ஆணியில் தொங்கிய அவருடைய சட்டை காற்று நிறைந்து உப்பி, சுவரில் மோதி மோதித் திரும்பியது. முன்னறையில் பூஜிதா திரையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.