நூறில் இருபது

றேமண்ட் சேருக்கு நூறில் இருபதுதான் என்று சட்டம் போட்டவள் நான். அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நோயாளர் விபரம், மருந்து, கணக்கு எல்லாம் ஒரே டேட்டாபேஸில். அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அந்த வருஷம் கரண்ட் வெட்டு வேறு. மத்தியானம் கரண்ட் போகுமுன் முடிக்க வேண்டுமென்று எல்லாரும் காலையிலேயே விழுந்தடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வேலை போடுவார்கள். கணக்குப் பகுதித் தலைவர் றேமண்ட் சேர் இன்னும் ஒருபடி மேல். ஒன்று நின்றாலும் மற்றது முடியட்டும் என்று ஒரே ரிப்போர்ட்டை இரண்டு தரம் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். அந்த நேரம் கீழே கவுண்டரில் ஒரு நோயாளியின் பெயரைத் தேட ஐந்து நிமிஷம் எடுக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. கவுண்டரின் தேடல்தான் முதலில், ரிப்போர்ட் எத்தனை போட்டாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டரின் வேகத்தில் நூறில் இருபதுதான் என்று மாற்றிவிட்டேன்.

அவர் ஓடி வந்தார். "நஸீறா, ஒரு மணித்தியால வேலை அஞ்சு மணித்தியாலம் இழுக்குது. ஆர் உங்களுக்கு அதிகாரம் தந்தது?"

"உங்கட ரிப்போர்ட்டுக்குக் காய்ச்சலா சேர்? கொஞ்சம் பொறுத்தா என்ன?"

என் வாய் சும்மா இருக்காது. விஷயம் மனேஜரிடம் போனது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பழையபடி மாற்று, இல்லாவிட்டால் வேறு வேலை தேடு என்றார்.

அந்த வெள்ளிக் காலை ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்தது. காயப்பட்டவர்களை எங்களிடமும் கொண்டு வந்தார்கள். பெயர்களைப் பதியப் பதிய, உறவினர்கள் கவுண்டரில் வந்து குவிந்தார்கள். அங்கே ஆள் போதாதென்று நானும் போய் உட்கார்ந்தேன். ஒரு பெயருக்கு மூன்று வினாடிதான்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு றேமண்ட் சேர் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ஐறீன்... என்ட மிஸிஸ். கொட்டாஞ்சேனையில இருந்து அந்த பஸ்ஸிலதான் வந்தவ. பாருங்க நஸீறா." பிறகு திடுக்கிட்டு, "ஐயோ, என்ட ரிப்போர்ட் ரெண்டும் ஓடுது. நிப்பாட்டிட்டு வாறன்" என்றார்.

"தேவையில்ல சேர். அது இருபதிலதான் ஓடுது. நில்லுங்க."

மூன்று வினாடி. இரண்டாம் மாடி, பதினாலாம் கட்டில், இடது கை முறிவு.

மனிதர் கவுண்டரில் தலையை வைத்து அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஐந்து மணிக்கு மனேஜர் கூப்பிட்டு, "மாத்தியாச்சா?" என்றார். நான் வாய் திறக்குமுன், அங்கே உட்கார்ந்திருந்த றேமண்ட் சேர் எழும்பினார்.

"மாத்த வேணாம் சேர். எங்களுக்கு இருபதுகூட வேணாம், பத்தே காணும்."

நான் குறைக்கவில்லை. அழுதாரென்று குறைக்கவும் மாட்டேன், அதட்டினாரென்று கூட்டவும் மாட்டேன். இருபதென்றால் இருபதுதான்.